கவிழ்ந்த ப

சோஃபியாவில் மூன்றாம் நாள்.
கோட்டுப் பைக்குள் உடைந்துபோன
ரோஜா எண்ணெய்ச் சிமிழ்.
ஊதுபத்திக் கம்பெனிக்கு மாதிரி வாங்க வந்தவன்
நானே மாதிரியாகி
நடந்துகொண்டிருந்தேன்.

விமானம் நள்ளிரவில்தான்.
மலையடியில் வெந்நீர் ஊற்று இருக்கிறது,
ஐந்தாம் எண் டிராம், கடைசி நிறுத்தம்,
என்று ஹோட்டல் பையன் வரைந்து தந்த வழி
காகிதத்தில் புழுவாக நெளிந்தது.

சிகரெட் கடை தரைமட்டத்துச் சன்னல்.
நிலவறைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீண்டது.
உண்டியல் முன்னால் உட்காருவதுபோல் குந்தி
சில்லறை போட்டு
தண்ணீர் பாட்டில் வாங்கினேன்.
எழுந்தபோது முட்டி சத்தம் போட்டது.

டிராம் வந்தது. எண் பலகையில் பனி.
"க்னியாஜெவோ?"
படியில் நின்றவள் தலையை இடவலமாக ஆட்டினாள்.
சரி, இது இல்லை.
விலகி நின்றேன்.
கதவு மூடியபின் கண்ணாடிக்குள் அவள் முகம்
ஏன் ஏறவில்லை இந்த ஆள் என்று
திருப்பம் வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு போனது.

அடுத்ததில் ஒரு தொப்பிக்காரர்
மேலும் கீழுமாக அசைத்தார்.
நன்றி சொல்லி ஏறினேன்.
அரைமணி நேரம் கழித்து
இரும்புக் கடைகளும் லாரி டயர்களுமாக ஓரிடத்தில்
ஓட்டுநர் விளக்கை அணைத்துவிட்டு இறங்கி
நெருப்புக் கேட்டார்.
முன்னால் இருக்கவேண்டிய மலை
எனக்குப் பின்னால் இருந்தது.

இங்கே ஆம் என்றால் இடவலம்.
இல்லை என்றால் மேல்கீழ்.
அவர்தான் சிரித்துச் சிரித்து நடித்துக் காட்டினார்.
புரிந்தது என்று நான் ஆட்டிய தலை
நம் ஊர்த் தலை,
இரண்டுக்கும் நடுவில்
கார் கண்ணாடியோரத்துப் பொம்மை மாதிரி.
அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

திரும்பும் வண்டிக்கு நாற்பது நிமிடம்.
நிறுத்தத்துச் சுவரில் கறுப்புக் கட்டங்களுக்குள் முகங்கள்.
யாரும் விளக்கத் தேவையில்லை,
கண்ணீர் அஞ்சலி எங்கும் கண்ணீர் அஞ்சலிதான்;
யாருடைய கல்யாணப் படத்திலிருந்தோ வெட்டியெடுத்த
அதே சிரிப்பு.
குளிருக்கு வேறு வேலையில்லாமல்
எழுத்துக்கூட்டினேன்.
எச் மாதிரி இருப்பது ந.
பி மாதிரி இருப்பது ர.
தெரிந்த மெய்க்குள் தெரியாத உயிர்.
ஒன்று மட்டும் உடனே பிடித்துப்போனது:
நம் ப-வைத் தூக்கிக்
கவிழ்த்துவைத்தால் எப்படியிருக்குமோ அது.
அதுவும் ப-தான்.
சட்டியைக் கவிழ்த்தாலும் சட்டிதானே.

ஊற்றைச் சேர்ந்தபோது மணி மூன்று.
குழாய்களில் ஆவி, கேன்களோடு வரிசை.
மூக்கை உயர்த்தித் தேடினார்கள்
ஜனவரியில் எங்கிருந்து ரோஜா என்று.
பச்சைக் கம்பளித் தொப்பிக்காரி ஒருத்தி
நீளமாக ஏதோ கேட்டாள்.
ஆட்டினேன், பழக்கதோஷம்.
அவள் கணக்கில் அது ஆம்.
பத்து லிட்டர் கேன் இரண்டும்
என் கைக்கு வந்தன.

அவள் கட்டடத்தின் வாசற்கதவில்
ஒரு கறுப்புக் கட்டம். மீசை. மீன்பிடிக்கிறவர் தொப்பி.
இந்தத் தடவை திணறவில்லை.
ஸ். கவிழ்ந்த ப. அ. மறுபடி ஸ்.
"ஸ்பாஸ்!" என்றேன் உரக்க,
ஒன்றாம் வகுப்புப் பெருமையோடு.

சாவியைத் துழாவிய அவள் கை
பைக்குள்ளேயே நின்றது.

எனக்குப் பிறகுதான் உறைத்தது.
நான்கு மாடி, லிஃப்ட் இல்லை,
இருவரும் பேசவில்லை.
தண்ணீர் மட்டும் கேனுக்குள்
படிக்குப் படி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தது.

மேலே பனிட்சாவைச் சூடாக்கி
இரண்டு துண்டு வைத்தாள்.
நெஞ்சைத் தொட்டு, ருமியானா, என்றாள்.
மூன்றாவது துண்டை நீட்டியபோது
மேலும் கீழுமாக, கவனமாக, அசைத்தேன்.
மேசையில் தட்டிச் சிரித்தாள்.
துண்டையும் வைத்தாள்.

இருட்டியதும் நிறுத்தம்வரை வந்து
ஓட்டுநரிடம் என்னைக் காட்டி வெகுநேரம் பேசினாள்,
பள்ளி வேனில் பிள்ளையை ஏற்றிவிடுகிறவள்போல.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழப்போனேன்.
ஒவ்வொரு முறையும் உட்புறக் கண்ணாடியில்
அவர் தலை
மேலும் கீழும்.
உட்கார்ந்தேன்.
கண்ணாடியெல்லாம் ஆவி, ஊர் தெரியவில்லை.
மறுபடி எழுந்தேன். மேலும் கீழும்.

நீதிமன்றத்துச் சிங்கங்களுக்கு அருகில்
இடவலமாக ஒரு முறை,
மெதுவாக.

இறங்கினேன்.